ஆன்லைன் கடை ப்ராஜெக்ட்ல நிஜமான வேலை எங்க இருக்கு? அனுபவம் உள்ளவங்க வாங்க

நூல்மில்_ரோடு:
ஆன்லைன் கடை கட்ட ரியாக்ட் (ஜாவாஸ்க்ரிப்ட்ல பேஜ் கட்டற லைப்ரரி) படிக்கணுமா, வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் சைட்டைக் கடையாக்கற ப்ளக்இன்) போதுமா, மாச வாடகைக்கு ரெடிமேட் கடை தர்ற ஷாப்பிஃபை பக்கம் போயிடலாமான்னு இன்பாக்ஸ்ல கேட்டுட்டே இருக்கீங்க. தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குதுங்க, அதனால ஒரேடியா இங்க கொட்டிடறேன். நான் திருப்பூர், ஈரோடு, கோயமுத்தூர் பக்கம் கடைக்காரங்களுக்கு சைட் பண்ணிக் குடுக்கிற ஆளு. துணிக்கடை, பனியன் கம்பெனி, அப்புறம் கொஞ்சம் செக்கெண்ணெய், நாட்டுச்சக்கரை. கோடிக்கணக்குல யூசர் வர்ற சைட்ல எல்லாம் வேலை பாத்ததில்ல, அதைப் பத்தி கேக்காதீங்க.

பொருள் படம், விலை, கார்ட் பட்டன், இதெல்லாம் எதுல எழுதினாலும் நின்னுடும். கஸ்டமர் பே பட்டனை அமுக்கினதுல இருந்து கடைக்காரர் ராத்திரி கணக்கு முடிக்கிற வரைக்கும் நடக்கிறதுல தான் நம்ம சம்பளமே இருக்கு.

ஒண்ணே ஒண்ணு பாருங்க. யூபிஐல பணம் கட்டுறாங்க, நம்ம பேஜ்ல இருந்து ஆப் ஓபன் ஆகுது, பின் போட்டாச்சு, காசு போயிடுச்சு. அந்த நேரம் பாத்து ஒரு போன் கால் வருது, இல்ல ரேம் கம்மியான போனா இருந்தா பின்னாடி கிடக்கிற ப்ரவுசரையே ஆண்ட்ராய்ட் மூடிடும், ஆக அவங்க திரும்ப நம்ம சக்ஸஸ் பேஜுக்கு வரவே மாட்டாங்க. சக்ஸஸ் பேஜ் லோட் ஆனாத்தான் ஆர்டர் "பெய்டு"ன்னு மாறணும்னு எழுதி வெச்சிருந்தீங்கன்னா காசு இருக்கும், ஆர்டர் இருக்காது. மறுநாள் காலைல கஸ்டமர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவாங்க, கடைக்காரர் நம்மளைக் கூப்பிடுவார், என்ன தொனில கூப்பிடுவார்னு சொல்லத் தேவையில்ல.

அதுக்குத்தான் வெப்ஹூக். கேட்வே, அதாவது கஸ்டமர்கிட்ட காசு வாங்கி நமக்குத் தர்ற பேமென்ட் கம்பெனி, அதோட சர்வர் நேரா நம்ம சர்வரைக் கூப்பிட்டு "இந்த ஆர்டருக்கு காசு வந்துடுச்சு"ன்னு சொல்லும், கஸ்டமர் போன்ல என்ன ஆனாலும் அதுக்குக் கவலை இல்ல. ஆனா வெப்ஹூக் போட்டாச்சுன்னு கால் மேல கால் போட்டு உக்கார முடியாது. அதே தகவல் ரெண்டு தடவை, மூணு தடவை வரும், நம்ம சர்வர் பதில் சொல்ல லேட் ஆனா அது திரும்ப அனுப்பும். பேமென்ட் ஐடியை டேபிள்ல யூனிக்கா வெச்சு "இது ஏற்கனவே பாத்தாச்சு"ன்னு ஒதுக்கிடணும், இல்லன்னா ஒரே ஆர்டருக்கு ரெண்டு பார்சல் கிளம்பும். வந்தது நிஜமா கேட்வே தானான்னு கூட வர்ற கையெழுத்தை ஹெச்மேக் (ரகசிய சாவி வெச்சு போடற கணக்கு) போட்டு சரி பாக்கணும், அந்த யூஆர்எல் தெரிஞ்ச எவன் வேணா "பணம் வந்துடுச்சு"ன்னு அனுப்பலாம் இல்லையா. அப்புறம் வெப்ஹூக்கும் வராம போற நாள் உண்டு, அதுக்கு பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா ஒரு க்ரான் (சர்வர்ல நேரத்துக்கு தானா ஓடற வேலை) ஓடி, பெண்டிங்ல கிடக்கிற ஆர்டரை எல்லாம் எடுத்து கேட்வேகிட்ட நாமளே போய் கேக்கணும்.

இது பிஎச்பில எழுதினாலும் நோட் ஜேஎஸ்ல எழுதினாலும் இதே தான். எதுல எழுதணும்னு கேக்கறதுக்கு முன்னாடி இதை எழுதத் தெரியுமான்னு பாருங்க.

கடைசிபெஞ்ச்_டெவ்:
அண்ணா சூப்பர் அண்ணா. ஒரு டவுட், கஸ்டமர் அக்கவுண்ட்ல டெபிட் ஆயிடுச்சு ஆனா கேட்வேயும் காசு வரலன்னு சொல்லுது, அப்ப என்ன பண்றது? என் ஃப்ரெண்டோட அப்பா கடைல இப்படித்தான் ஒரு சண்டை, அந்தம்மா கடை வாசல்லயே நின்னுட்டாங்க.

நூல்மில்_ரோடு:
அது நம்ம கைல இல்ல தம்பி, பேங்குக்கு நடுவுல மாட்டிட்டு நிக்குது. 2019 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் ஒரு சுற்றறிக்கை விட்டாங்க, கடைக்குக் கட்டின யூபிஐ பணம் டெபிட் ஆகி கடைக்கு உறுதி வரலன்னா 5 நாளுக்குள்ள தானா திரும்பணும், அதுக்கு மேல போனா நாளுக்கு 100 ரூபா கஸ்டமருக்குக் குடுக்கணும். இந்த ரூலை ஆர்டர் ஃபெயில் ஆன பேஜ்லயே ரெண்டு வரி தமிழ்ல எழுதிப் போட்டுடுவேன், கூடவே அந்த யூபிஐ ரெஃபரன்ஸ் நம்பரை எங்க பாக்கணும்னும். கடைக்கு வர்ற போன் பாதியா குறைஞ்சிடும். கோடே எழுதாம தீர்ந்த பிரச்சனைன்னா அது தான்.

பிஎச்பி_பெரியவர்:
நல்ல இழை. நான் ஓஎஸ்காமர்ஸ்னு ஒரு பழைய பிஎச்பி கடை சாஃப்ட்வேர் காலத்து ஆளு. 2000-ல ஆரம்பிச்ச சாமான் அது, ஒரு ஃபைலைத் திறந்தா மேல எஸ்க்யூஎல் நடுவுல எச்டிஎம்எல் கீழ இன்னொரு எஸ்க்யூஎல்னு குழம்பும் ரசமும் ஒரே சட்டில இருக்கும், ஆனா ஓடும். யாரு எழுதினதுனே தெரியாத ஆட்-ஆன்களைப் போட்டு, கோர் ஃபைலையே நோட்பேட்ல திருத்தி, எஃப்டிபில ஏத்தி, பேக்கப்புக்கு இன்டெக்ஸ்_பழசு, இன்டெக்ஸ்_புதுசு, இன்டெக்ஸ்_கடைசின்னு பேர் வெச்சு வாழ்ந்தோம். 2003-ல அதுலருந்து பிரிஞ்சு ஜென் கார்ட் வந்துச்சு.

2008-ல மெஜென்டோன்னு இன்னொரு கடை சாஃப்ட்வேர் வந்துச்சு. அதைப் பாத்தப்ப தான் டேட்டாபேஸை இப்படியும் வடிவமைக்கலாமான்னு பயம் வந்துச்சு. ஒரு பொருளோட பேர் ஒரு டேபிள்ல, விலை வேற டேபிள்ல, ஸ்டேட்டஸ் இன்னொண்ணுல. எழுத்துக்கு ஒண்ணு, முழு எண்ணுக்கு ஒண்ணு, தசமத்துக்கு ஒண்ணு, தேதிக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வெச்சிருப்பாங்க, ஒரு பொருளை முழுசா எடுக்க அத்தனையையும் ஜாயின் பண்ணணும். ஏன் அப்படின்னா கடைக்காரர் அட்மின்லயே போய் "கழுத்து மாடல்"னு புதுசா ஒரு விவரம் சேக்கலாம், டேபிள்ல கை வெக்கத் தேவையில்ல. அந்த சுதந்திரத்துக்கு விலை தான் ரீஇன்டெக்ஸ் (தேடற டேபிளைத் திரும்பத் திரும்ப கட்டறது), கேஷ் (ஒருக்கா செஞ்ச பேஜை சேமிச்சு வெச்சு திரும்பக் குடுக்கிறது), அதுக்குன்னு தனி சர்வர். 2018-ல அடோபி 168 கோடி டாலருக்கு வாங்கினாங்க, 2020 ஜூனோட முதல் வெர்ஷனுக்கு சப்போர்ட் நின்னுச்சு. 1-ல இருந்து 2-க்குப் போறது அப்டேட் இல்ல, வீட்டை இடிச்சுட்டு கட்டுறது. சின்னக் கடைக்காரங்க நிறைய பேர் அப்பத்தான் ஷாப்பிஃபை, வூகாமர்ஸ்னு மாறிட்டாங்க.

அதனால நூல்மில் சார் சொல்றது பாதி தான் சரி. எதுல எழுதினாலும் ஒண்ணுன்னு சொல்றதை ஏத்துக்க மாட்டேன். ஆறு வருஷம் கழிச்சு அதை யாரு இழுத்துட்டுப் போறாங்கன்னு ஒண்ணு இருக்கே.

ராத்திரி_டிப்ளாய்:
பெரியவர் சொன்னதுக்கு ப்ளஸ் ஒண்ணு. நான் வேற கட்சி. இப்ப ஹெட்லெஸ் தான் ப்ரோ, கண்ணுக்குத் தெரியற பேஜ் தனி, கடை நடத்துற பின்பக்கம் தனி. முன்னாடி நெக்ஸ்ட் ஜேஎஸ், பின்னாடி ஏபிஐ, நடுவுல சிடிஎன் (ஊர் ஊருக்கு காப்பி வெச்சு பக்கத்துல இருந்தே பேஜைக் குடுக்கிற சர்வர்கள்). பேஜ் பறக்கும். வூகாமர்ஸ்ல ஆர்டரை எல்லாம் வேர்ட்பிரஸ் போஸ்ட் டேபிள்லயே தான் வருஷக்கணக்கா போட்டு வெச்சிருந்தாங்க, பிளாக் கட்டுரையும் சேலை ஆர்டரும் ஒரே டேபிள்ல, ஒரு ஆர்டருக்கு மெட்டா டேபிள்ல அம்பது வரி. 2023 அக்டோபர்ல 8.2 வந்தப்ப தான் புது கடைகளுக்கு தனி ஆர்டர் டேபிள் டிஃபால்ட் ஆச்சு. இதை நம்பியா கடை நடத்துறது?

நூல்மில்_ரோடு:
//இதை நம்பியா கடை நடத்துறது?//

ஒரு நாளைக்கு நாப்பது அம்பது ஆர்டர் வர்ற கடைக்கு அந்த டேபிள் தாராளம் தம்பி. உங்க ஹெட்லெஸ் சைட்ல தீபாவளி பேனரை மாத்தணும்னா கடைக்காரர் யாரைக் கூப்பிடணும்? உங்களை. நீங்க வேற வேலைக்குப் போயிட்டா? அவர் பையன் பத்தாவது படிக்கிறான், வேர்ட்பிரஸ்னா அவனே மாத்திடுவான். பெரியவர் கேட்ட "யாரு இழுத்துட்டுப் போறாங்க"ங்கிற கேள்விக்கு எங்க ஊர்ல பதில் அந்தப் பையன் தான். அதனால பெரியவர் சொன்னதை ஒத்துக்கறேன், எதுல எழுதறோம்ங்கிறது முக்கியம் தான், ஆனா அதைத் தீர்மானிக்க வேண்டியது நம்ம ரெஸ்யூமே கிடையாது.

வேகம்னு பேசினா, நான் பாத்த வரைக்கும் ஸ்லோவா இருக்கிற சைட்ல முதல் குற்றவாளி படம். கடைக்காரர் கேமராமேனைக் கூட்டிட்டு வந்து எடுத்த 8 எம்பி போட்டோவை அப்படியே ஏத்திருப்பாங்க, லிஸ்ட் பேஜ்ல அது தீப்பெட்டி சைஸ்ல தெரியும். வெப்பி (WebP, சைஸ் கம்மியான பட வடிவம்) ஆக்கி மூணு சைஸ் வெட்டி வெச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. இன்னொரு கூட்டம் வாட்ஸ்அப்ல அனுப்பி அனுப்பி நசுங்கின படத்தைக் குடுக்கும், அதுல மாம்பழக் கலர் சேலை எலுமிச்சைக் கலர்ல தெரியும், "கலர் வேற"ன்னு ரிட்டர்ன் வரும். படத்தை டாக்குமென்ட்டா அனுப்புங்கன்னு சொல்லி சொல்லி ஓஞ்சு போயிட்டேன்.

ராத்திரி_டிப்ளாய்:
பத்தாவது படிக்கிற பையன் ப்ளக்இன் அப்டேட் அமுக்கி சைட் வெள்ளையா போனா?

நூல்மில்_ரோடு:
போகும். அதுக்குத்தான் ஏஎம்சி, வருஷ பராமரிப்பு ஒப்பந்தம். 😄

பக்_பிடிக்கிற_அக்கா:
டெஸ்டிங் பக்கத்துல இருந்து ஒருத்தி வரலாமா? டெவலப்பர்ஸ் எல்லாரும் பேமென்ட் வந்ததுக்கு அப்புறம் பேசுறீங்க, நான் அதுக்கு முன்னாடி பேசுறேன். எந்த ஷாப்பிங் சைட் டெஸ்டுக்கு வந்தாலும் நான் முதல்ல பண்றது இவ்ளோ தான். கார்ட்ல ஒரு 3000 ரூபா பொருள் போடுவேன், கூடவே 2900 ரூபா பொருளை மைனஸ் ஒண்ணுன்னு க்வான்டிட்டி போடுவேன். ஸ்க்ரீன்ல பட்டன் விடாது, அதனால ரிக்வெஸ்டை நேரா மாத்தி அனுப்புவேன். 100 ரூபாய்க்கு ஆர்டர் போடுற சைட் இன்னும் இருக்கு, நம்புங்க. அடுத்து விலையையே ஃபார்ம்ல ஒளிச்சு வெச்சு அனுப்புறாங்களான்னு பாப்பேன். விலையை ப்ரவுசர் சொல்லி சர்வர் நம்பக்கூடாது, பொருள் ஐடியும் எண்ணிக்கையும் மட்டும் தான் வரணும், மிச்சத்தை சர்வர் தன் டேபிள்ல பாத்து கூட்டிக்கணும். கூப்பனும் அப்படித்தான், ஒரே கூப்பனை ரெண்டு டேப்ல ஒரே நேரத்துல அடிச்சுப் பாப்பேன்.

அப்புறம் ராத்திரி தம்பி சொன்ன சிடிஎன், கேஷ் எல்லாம் சந்தோஷம், ஆனா யாரோட பேஜை கேஷ் பண்றோம்னு தெரிஞ்சு பண்ணுங்க. 2015 கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஸ்டீம் கேம் ஸ்டோர்ல என்ன ஆச்சு? அன்னைக்கு தாக்குதல் மாதிரி ட்ராஃபிக் வந்து, அதை சமாளிக்க கேஷ் செட்டிங்கை மாத்தினப்ப ஒருத்தரோட அக்கவுண்ட் பேஜ் இன்னொருத்தருக்குத் தெரிஞ்சுது. ஏறத்தாழ 34,000 பேரோட விவரம்னு அவங்களே சொன்னாங்க. அவ்ளோ பெரிய எடத்துலயே அந்த கதி. கார்ட், செக்அவுட், என் அக்கவுண்ட், இந்த மூணு பேஜும் கேஷ்ல இருந்து வெளில இருக்கான்னு ரெண்டு போன்ல ரெண்டு லாகின் போட்டுப் பாத்துட்டு லைவ் போங்க.

கடைசிபெஞ்ச்_டெவ்:
அக்கா மைனஸ் ஒண்ணு இப்பவே என் காலேஜ் ப்ராஜெக்ட்ல போட்டுப் பாத்தேன். டோட்டல் மைனஸ்ல போயி "உங்கள் ஆர்டர் உறுதி"ன்னு வருது 😭😭

பக்_பிடிக்கிற_அக்கா:
வைவாவுக்கு முன்னாடி தெரிஞ்சுதே, பரவால்ல விடுப்பா.

கணக்குப்புள்ள:
நான் கோடு எழுதற ஆளில்லை, ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், ஆனா நீங்க எல்லாரும் விடற எடம் ஒண்ணு இருக்கு, ஜிஎஸ்டி. ரெடிமேட் துணிக்கு வரி சதவீதம் பீஸ் விலையைப் பொறுத்து மாறும். முன்னாடி 1000 ரூபா வரைக்கும் 5, அதுக்கு மேல 12. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 2500 வரைக்கும் 5, மேல 18. சேலை துணிக் கணக்குல வரும், அதுக்கு இந்த எல்லை இல்ல. நிறைய சைட்ல பொருளுக்கு ஒரே ஒரு வரி சதவீதத்தை ஃபிக்ஸ் பண்ணி வெச்சுடறாங்க. 2600 ரூபா குர்தா வரி இல்லாம, அதுக்கு 18. கஸ்டமர் 10 சதவீதம் கூப்பன் போட்டா 2340 ஆயிடுது, பில்லுலயே டிஸ்கவுண்ட் காட்டினா இப்ப அதுக்கு 5 தான் வரணும். சைட் 18-லயே நிக்குது.

இதைவிடக் கூத்து, வரி உட்பட விலை போடுறவங்களுக்கு. 2700 ரூபான்னு எல்லாம் சேத்து ஒரு விலை வெச்சிருக்கார் கடைக்காரர். 5-ன்னு வெச்சு பின்னாடி கணக்கு போட்டா அடிப்படை விலை 2571, அது 2500-க்கு மேல, ஆக 5 செல்லாது. சரி 18-ன்னு போட்டா அடிப்படை 2288, அது 2500-க்குக் கீழ, ஆக 18-உம் செல்லாது! 2625-க்கும் 2950-க்கும் நடுவுல வரி உட்பட எந்த விலை வெச்சாலும் இதே கதி.

நூல்மில்_ரோடு:
ஐயா இதுக்கு உங்களுக்கு கோயில் கட்டணும். எல்லை 1000-ல இருந்தப்ப 1050-க்கும் 1120-க்கும் நடுவுல இதே பொந்து இருந்துச்சு, வரி கணக்கு போடற ஃபங்ஷன் 5, 12, 5, 12-ன்னு மாறி மாறி சுத்திட்டே இருந்ததை லாக்ல பாத்து மண்டை காஞ்சிருக்கேன். இப்பல்லாம் அட்மின்ல அந்த இடைவெளில விலை போட்டாலே சிகப்பு எழுத்துல "இந்த விலை வேண்டாம், ஆடிட்டரைக் கேளுங்க"ன்னு வர மாதிரி வெச்சுட்டேன்.

சின்னவங்களுக்கு கூடவே ஒண்ணு. காசை தசமத்துல ஃப்ளோட்டா வெக்காதீங்க. ஜாவாஸ்க்ரிப்ட்ல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்க, 0.30000000000000004-ன்னு வரும். எல்லாத்தையும் பைசாவா முழு எண்ணுல வெச்சுக்குங்க, 499 ரூபான்னா 49900. கூப்பன் தொகையை மூணு பொருளுக்குப் பிரிச்சா மிச்சம் ஒரு பைசா நிக்கும், அந்த ஒரு பைசாவை எந்த பொருள்ல போடறதுன்னு முன்னாடியே ஒரு ரூல் வெச்சுடுங்க, இல்லன்னா பில் டோட்டலும் கேட்வே டோட்டலும் ஒத்துப் போகாது. அதே மாதிரி வரியும் சதவீதமும் ஆர்டர் போட்ட நேரத்துல என்னவோ அதை ஆர்டர் வரியிலயே எழுதி வெச்சுடணும். பொருள் டேபிள்ல பாத்துக்கலாம்னு விட்டா, செப்டம்பர் 22 மாதிரி ஒரு நாள் வரும்போது பழைய பில்லை எடுத்தா புது வரியோட வந்து நிக்கும்.

கணக்குப்புள்ள:
கோயில் வேண்டாம் சார், மாசம் 5-ம் தேதிக்குள்ள சேல்ஸ் ரிப்போர்ட்டை எக்ஸல்ல ஒழுங்கா குடுத்தா போதும். மாநிலம் வாரியா, எச்எஸ்என் (சரக்கு வகைக்கான வரிக் குறியீடு) வாரியா, ரிட்டர்ன் தனியா.

பட்டாசு_சைட்டு:
சிவகாசில இருந்து வணக்கம். எங்க பக்கம் ஷாப்பிங் சைட்னா கதையே வேற. 2018 அக்டோபர் 23-ல சுப்ரீம் கோர்ட் ஆன்லைன்ல பட்டாசு விக்கக் கூடாதுன்னு தீர்ப்பு குடுத்துடுச்சு. அதுக்கப்புறம் இங்க வந்த டிசைன் தான் இப்ப நீங்க எல்லா பட்டாசுக் கடை சைட்லயும் பாக்கறது. ஒரே ஒரு நீளமான பேஜ், லட்சுமி வெடில ஆரம்பிச்சு புஸ்வாணம், தரைச்சக்கரம், ராக்கெட்னு வரிசையா, பக்கத்துல எம்ஆர்பி அடிச்சு 80 சதவீத தள்ளுபடி போட்ட விலை, அதுக்குப் பக்கத்துல ஒரு சின்ன பெட்டி, எண்ணிக்கை போடப் போட கீழ ஒட்டிட்டு டோட்டல் ஓடும். கடைசில பே பட்டன் இருக்காது, "விசாரணை அனுப்பு"ன்னு தான் இருக்கும். கடைல இருந்து போன் பண்ணுவாங்க, கொரியர்ல பட்டாசு எடுக்க மாட்டாங்க, லாரி ஆபீஸ்ல போய் எடுத்துக்கணும்.

எதுக்கு சொல்றேன்னா, இந்த பேஜுக்கு எந்த ஃப்ரேம்வொர்க்கும் வேணாம். கார்ட் பேஜ் கிடையாது, பொருள் பேஜ் கிடையாது. முன்னூறு வரி, கொஞ்சூண்டு ஜாவாஸ்க்ரிப்ட், கடைசில ஒரு பிடிஎஃப். ஆனா கடைக்காரங்க வந்து "பக்கத்து கடைக்காரர் சைட் மாதிரி பே பட்டனும் வெச்சுக் குடு"ன்னு நிப்பாங்க. நான் வெக்கமாட்டேன்னு சொல்லிடுவேன், வேலை போனா போகுது. சட்டத்தை வக்கீல்கிட்ட கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பிடறது.

பிஎச்பி_பெரியவர்:
//எந்த ஃப்ரேம்வொர்க்கும் வேணாம்//

இதைப் படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு தம்பி. அந்த நீளப் பேஜ் ஒரு அருமையான யூஐ. மளிகை லிஸ்ட் எழுதற பழக்கம் உள்ளவங்களுக்கு அது தான் சரி. மொத்தமா வாங்கறவன் ஒவ்வொரு பொருளா உள்ள போய் "ஆட் டு கார்ட்" அமுக்கிட்டு இருப்பானா?

நூல்மில்_ரோடு:
திருப்பூர் மொத்த வியாபாரத்துக்கும் இதே தான். ஒரு டி-ஷர்ட் டிசைன்னா அஞ்சு சைஸ், எட்டு கலர், நாப்பது எஸ்கேயூ (தனித்தனியா ஸ்டாக் எண்ணற வகை). மொத்தமா எடுக்கறவருக்கு சைஸ் மேல, கலர் பக்கத்துல வெச்சு கட்டம் கட்டமா ஒரு டேபிள் குடுத்தா மட மடன்னு டேப் அடிச்சு நம்பர் போட்டுட்டுப் போயிடுவார்.

ஸ்டாக் விஷயத்தை மறந்துட்டேன் பாருங்க. கைத்தறி சேலைன்னா ஒவ்வொண்ணும் ஒரே பீஸ். ரெண்டு பேர் ஒரே நேரத்துல வாங்கினா? முதல்ல ஸ்டாக் எவ்ளோன்னு படிச்சு, ஒண்ணு இருக்குன்னு பாத்து, அப்புறம் ஒண்ணைக் கழிச்சு எழுதறதுன்னு ரெண்டு படியா பண்ணினா ரெண்டு பேருமே "ஒண்ணு இருக்கு"ன்னு படிச்சிருப்பாங்க. ஒரே அப்டேட்ல "ஒண்ணு கழி, ஆனா ஸ்டாக் ஒண்ணுக்குக் குறையாம இருந்தா மட்டும்"னு எழுதி, எத்தனை வரி மாறுச்சுன்னு பாருங்க. பூஜ்யம்னா இவர் லேட்டு, அவ்ளோ தான். லாக், க்யூ எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பேமென்ட் பேஜுக்குப் போனதும் பதினஞ்சு நிமிஷம் பீஸை ஒதுக்கி வெச்சு, கட்டலன்னா திரும்ப விட்டுடணும்.

கடைல கவுண்டர்லயும் அதே சேலை விக்குதே, அது தான் தீராத தலைவலி. கவுண்டர் பில் டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல ஓடும். டேலி எக்ஸ்எம்எல்ல பேசும், 9000 போர்ட்ல எச்டிடிபில கேட்டா குடுக்கும், ஆனா அந்த கம்ப்யூட்டர் மதியம் சாப்பாட்டுக்கு ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவாங்க! அதனால ஒரே பீஸ் சமாசாரத்தை எல்லாம் கவுண்டர்ல இருந்து எடுத்து ஆன்லைனுக்குன்னு தனி ரேக்ல வெக்கச் சொல்லிட்டேன். மரத்துல ஒரு ரேக், அது தான் என் ஸ்டாக் சிங்க்.

ராத்திரி_டிப்ளாய்:
மைக்ரோசர்வீஸ் = மர ரேக். நோட் பண்ணிக்கிறேன் 😂

சீரியஸா, நான் ஒண்ணு கேக்கணும். தமிழ்ல தேடல் யாராச்சும் ஒழுங்கா பண்ணிருக்கீங்களா? ஒரு க்ளையன்ட் தமிழ்ல பொருள் பேர் வேணும்னு கேக்கறாங்க. தேடினா சில பொருள் வருது, சில பொருள் வரமாட்டேங்குது, கண்ணால பாத்தா ரெண்டும் ஒரே எழுத்து தான்.

பிஎச்பி_பெரியவர்:
கொ, கோ, கௌ வர்ற பேரா பாருங்க. "கொலுசு"ல இருக்கிற கொ-வை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம், ஒகரக் குறியை ஒரே குறியீடா போடலாம், இல்ல ஒற்றைக்கொம்பு தனியா கால் தனியான்னு ரெண்டு குறியீடா போடலாம். கண்ணுக்கு ஒண்ணு, மெஷினுக்கு ரெண்டு. எக்ஸல்ல இருந்து வந்ததையும் போன்ல அடிச்சதையும் சேக்கும்போதே எல்லாத்தையும் என்எஃப்சிக்கு (ஒரே எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டு வர்ற யூனிகோட் முறை) நார்மலைஸ் பண்ணி டேபிள்ல போடுங்க, தேடல் பெட்டில வர்றதையும் அதே மாதிரி பண்ணிட்டு தேடுங்க.

நூல்மில்_ரோடு:
அதோட, வாங்கறவங்க பாதிப் பேர் இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிப்பாங்க. புடவை, பொடவை, சேலை, சாரி, ஸாரீஸ், எல்லாம் ஒரே பொருளுக்கு. எதுவும் கிடைக்காத தேடலை எல்லாம் ஒரு டேபிள்ல சேத்து வெச்சு வாராவாரம் பாருங்க, சினானிம் லிஸ்ட் தானா வளரும். ஒரு கடைல அந்த லிஸ்ட்டைப் பாத்துட்டு கடைக்காரரே "அட, இவ்ளோ பேர் வேட்டி பார்டர் சைஸை இஞ்சுல தேடறாங்களா"ன்னு புதுசா சரக்கு எடுத்தார்.

டேட்டாபேஸ்ல எழுத்தை சேமிக்கிற முறை யுடிஎஃப்8எம்பி4-ஆவே இருக்கட்டும். மைஎஸ்க்யூஎல்ல பழைய யுடிஎஃப்8-ங்கிறது மூணு பைட் தான், தமிழ் அதுல அடங்கிடும், அதனால எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும். யாராவது ஒரு அக்கா டெலிவரி குறிப்புல ஒரு பூ எமோஜி போட்டா அது நாலு பைட், ஆர்டர் சேவ் ஆகாம எகிறும். காசு கட்டினதுக்கு அப்புறம் எகிறினா மேல சொன்ன கதை தான்.

பக்_பிடிக்கிற_அக்கா:
எஸ்எம்எஸ் அனுப்பறவங்களுக்கும் ஒண்ணு. தமிழ்ல அனுப்பினா ஒரு மெசேஜுக்கு 70 எழுத்து தான், இங்கிலீஷ்ல 160. "உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது"ன்னு மரியாதையா எழுதி, கூடவே பேர், ஆர்டர் நம்பர்னு சேத்து 70-ஐத் தாண்டினா ரெண்டு மெசேஜ் காசு போகும், துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனி எழுத்தா எண்ணும். டெம்ப்ளேட்டை முன்னாடியே டிஎல்டில (மொபைல் கம்பெனிகள் நடத்தற எஸ்எம்எஸ் பதிவேடு) பதியணும், ஒரு கமா மாறினாலும் போகாது. 2021 மார்ச் 8-ல அந்த சோதனையைக் கட்டாயம் ஆக்கினப்ப நாடு முழுக்க ஓடிபியே வராம நின்னு, தொலைத்தொடர்பு ஆணையமான ட்ராய் ஒரு வாரம் தள்ளி வெச்சாங்க, ஞாபகம் இருக்கா? டெம்ப்ளேட்டை லான்ச்சுக்கு முந்தின நாள் ராத்திரி பதியலாம்னு நெனைக்காதீங்க.

கடைசிபெஞ்ச்_டெவ்:
எல்லாம் நோட் எடுத்துட்டேன். அண்ணா, அப்ப நான் லேர்னிங்குக்கு என்ன பண்ணட்டும்? ரியாக்ட் கோர்ஸ் ஏற்கனவே காசு கட்டிட்டேன்.

நூல்மில்_ரோடு:
கட்டினதைப் படி, வீணாகாது. கூடவே ஒரு கேட்வேல டெஸ்ட் மோட் அக்கவுண்ட் எடு, நிஜக் காசு போகாது. மூணே மூணு பொருள் உள்ள கடை கட்டு. பே பண்ணின உடனே ப்ரவுசரை மூடு. நெட்டை ஆஃப் பண்ணு. அதே வெப்ஹூக்கை நீயே அஞ்சு தடவை அனுப்பு. ஸ்டாக் ஒண்ணு வெச்சுட்டு ரெண்டு டேப்ல வாங்கு. பாதி ஆர்டரை மட்டும் ரீஃபண்ட் பண்ணு, அப்ப கூப்பன் தொகை எவ்ளோ திரும்பணும்னு யோசி, அதுல தான் நிறைய பேர் மாட்டுவாங்க. இது எல்லாத்துக்கும் அப்புறமும் கேட்வே ரிப்போர்ட்ல இருக்கிற மொத்தமும் உன் ஆர்டர் டேபிள் மொத்தமும் பைசா சுத்தமா ஒத்துப் போச்சுன்னா அந்த ப்ராஜெக்டை இன்டர்வ்யூல காட்டு. நானே வேலை தருவேன், சம்பளம் கொஞ்சம் கம்மியா இருக்கும்.

கடைசிபெஞ்ச்_டெவ்:
எவ்ளோ கம்மி அண்ணா?

நூல்மில்_ரோடு:
இன்பாக்ஸ் வா.

பட்டாசு_சைட்டு:
இடைல ஒரு அவசரம், மன்னிக்கணும். ஒரு கடைக்காரர் விலைப்பட்டியலை எக்ஸல்ல குடுத்திருக்கார், திறந்தா தமிழே இல்ல, இங்கிலீஷ் எழுத்தும் கோடும் கொம்புமா இருக்கு. பாமினிங்கிற பழைய, யூனிகோட் இல்லாத தமிழ் ஃபான்ட்ல அடிச்சிருக்காங்க போல. கைல அடிக்க ஆள் இல்ல. பிஎச்பில மாத்த ஏதாச்சும் வழி இருக்கா?

பிஎச்பி_பெரியவர்:
இருக்கு. ஒரு மேப்பிங் அரே எழுதி மாத்தறது தான், ஆனா வரிசை முக்கியம். நீளமான கூட்டை முதல்ல மாத்தணும், தனி எழுத்தை கடைசில. கெ, கே, கை மாதிரி எழுத்துல பாமினில கொம்பு முன்னாடி அடிச்சிருப்பாங்க, யூனிகோட்ல அது மெய்க்குப் பின்னாடி வரணும், அதனால கொம்பும் அடுத்த எழுத்தும் சேந்த ஜோடியா பிடிச்சு மாத்துங்க. கால் போட்ட கொ, கோ எல்லாம் மூணு எழுத்துக் கூட்டு, அது தான் லிஸ்ட்ல முதல்ல. ஒரு எச்சரிக்கை, அந்த ஷீட்ல சில கட்டம் நிஜமாவே இங்கிலீஷா இருக்கும், கம்பெனி பேர், சைஸ் எல்லாம், அதையும் சேத்து மாத்திடாதீங்க, செல் ஃபான்ட் பேரைப் பாத்துட்டு மாத்தணும். என்கிட்ட பழைய ஸ்க்ரிப்ட் ஒண்ணு கிடக்கு, வீட்டு கம்ப்யூட்டர்ல தேடி நைட் போடறேன்.

பட்டாசு_சைட்டு:
ரொம்ப நன்றிங்கய்யா. முன்னூத்தி பன்னெண்டு வரி இருக்கு, கடைசி கட்டத்துல "கிஃப்ட் பாக்ஸ்"ங்கிறதையும் பாமினிலயே அடிச்சு வெச்சிருக்கார் மனுஷன்.